படையலுக்குப் பேய் வேஷத்தில் வந்த மகன்

அடுத்தவர் பண்டிகையைக் கொண்டாடுவதில் எனக்கு ஆட்சேபணை இருந்ததில்லை. கிள்ளானில் எங்கள் லோரோங் சந்தில் எல்லாரும் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழமும் சிவப்பு உறையில் காசு போட்ட அங்பாவும் தருவார். அதைப் பார்த்துத்தான் நாங்களும் உறையின் நிறத்தை மாற்றி, தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுக்கப் பழகினோம். எதிர் வீட்டு மலாய்க்காரர் பெருநாளுக்கு ரெண்டாங் இறைச்சி அனுப்புவார். எங்கள் முறுக்கு இரண்டு வீட்டுக்கும் போகும். ஆன்டியின் கணவர் இறந்தபோது அவர்கள் போட்ட கூடாரத்தில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். இப்படி வந்த பழக்கத்துக்கு ஒரு முகம் உண்டு, ஒரு வாசல் உண்டு. பேய் வேஷம் போடுகிற இந்த ஹாலோவீன் யார் வீட்டிலிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து ஷாப்பிங் மாலிலிருந்து வந்தது.

என் மனைவி இறந்த வருடம் நாங்கள் தீபாவளி கொண்டாடவில்லை. அடுத்த வருடம்தான் அவளுக்கு முதல் படையல். எங்கள் ஆட்கள் தீபாவளிக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் செத்தவர்களுக்கு இலை போடுவார்கள். அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, புதுத்துணி வைத்து, சூடம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே அவர்கள் வந்து சாப்பிடுவார்கள். அதுவரை வீட்டில் யாரும் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. அம்மாவுக்கு இலை போட வேண்டியவன் மகன். எனக்கு இருப்பது ஒரே மகன். சுபாங் ஜெயாவில் அடுக்குமாடிக் கொண்டோவில் வீடு வாங்கிக்கொண்டு மனைவியோடு இருக்கிறான்.

அன்று காலையிலேயே என் அக்கா வந்து ஆட்டுக்கறி பிரட்டினாள். நான் போய் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தேன். என் மனைவிக்கு அதன் மேல் பைத்தியம். லிட்டில் இந்தியாவில் அவளுக்குப் பிடித்த மாம்பழ நிறத்தில் ஒரு சேலையும் எடுத்திருந்தேன். இருட்டத் தொடங்கியதும் மகனுக்குப் போன் போட்டேன்.

"வந்துட்டே இருக்கேன்பா. ஃபெடரல்ல ஜாம் லா."

பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. கைதட்டுகிறார்கள், யாரோ பேய் மாதிரி ஊளையிடுகிறார்கள். ஃபெடரல் ஹைவேயில் ஜாம் இருக்கும். பேய் இருக்காது.

"கறி ஆறுது தம்பி, நீயே இலையைப் போடு," என்றாள் அக்கா.

"அவன்தான் போடணும். வரட்டும்."

"வரமாட்டான் பாரு. நான் சுகர் மாத்திரை போடுறவ, பசி தாங்காது."

"நீ சாப்பிடு. நான் இருக்கேன்."

அவள் சாப்பிடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கார் வந்து நின்றது. முதலில் மருமகள் இறங்கினாள். வெள்ளை நர்ஸ் உடுப்பு, அதன் மேல் சிவப்புச் சாயம். பின்னால் மகன். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கருமை, வாயின் இரண்டு பக்கமும் தையல் போட்டதுபோல் கோடு. செத்தவன் வேஷமாம். கொண்டோவில் ஹாலோவீன் பார்ட்டி, அந்த வருடம் அது தீபாவளியோடு ஒட்டி வந்திருந்தது. இவன்தான் மைக் பிடித்து நடத்துகிறவன். பாதியில் எழுந்து வந்திருக்கிறான்.

அக்கா வாசலை மறித்துக்கொண்டாள். "ஏன்டா, உங்கம்மாவுக்குப் படைக்க வந்தியா, அவளை விரட்ட வந்தியா?"

"ஜஸ்ட் ஃபன் லா அத்தை. கழுவிட்டு வரேன்."

"சாரி மாமா, மாத்த நேரமில்ல," என்றாள் மருமகள். அவள் பாவம், தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அந்த நர்ஸ் உடுப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மாமியார் செத்தது ஆஸ்பத்திரியில். கடைசியாக நான் பார்த்தபோது அவள் முகத்தில் கோடும் இல்லை, கருமையும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான். செத்தவர்கள் இப்படி இருப்பார்கள் என்று இவர்களுக்கு எவன் சொல்லிக் கொடுத்தானோ.

சோப்புப் போட்டும் பூச்சு முழுக்கப் போகவில்லை. காதோரத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது. அந்த முகத்தோடுதான் வேட்டி கட்டிக்கொண்டு வந்து இலை போட்டான். கறி, மீ கோரெங், சேலை, எல்லாம் சரியாக வைத்தான். சூடம் காட்டினான். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போர்ச்சில் வந்து நின்றோம்.

"அவளுக்கு முதல் இலைடா," என்றேன். "இதைவிட அந்தக் கூத்து உனக்குப் பெருசாப் போச்சா?"

சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றான். பிறகு சொன்னான்: "இந்த வீட்டுக்கு வரவே பிடிக்கலப்பா. தீபாவளின்னாலே அம்மாதான். அங்க யாரும் எனக்குச் செத்துப் போகல. சும்மா சிரிச்சிட்டு இருக்கலாம்."

இவ்வளவுதான் விஷயம். பண்டிகைகளைப் பற்றி எத்தனையோ பேர் எதையெதையோ பேசுகிறார்கள். பரந்த மனசு என்கிறார்கள், உலகம் சுருங்கிவிட்டது என்கிறார்கள். என் மகன் சொன்னதுதான் நிஜம். நம் பண்டிகையில் நம் ஆள் ஒருவர் குறைவார். அடுத்தவன் பண்டிகையில் யாரும் குறையமாட்டார்கள். பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு நாம் அழ வேண்டியதில்லை. காலையில் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம்.

அது புரிந்ததால் என் கோபம் தணிந்துவிடவில்லை.

"எனக்கு மட்டும் பிடிக்குதா?" என்றேன். "நான் தினமும் இந்த வீட்லதான்டா படுக்கிறேன்."

அக்கா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். அம்மா இலையிலிருந்து அவன்தான் முதலில் எடுக்க வேண்டும். ஒரு துண்டுக் கறியை எடுத்து ரொம்ப நேரம் மென்றான். மீ கோரெங்கைத் தொடவில்லை. மருமகளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பார்ட்டியில் பரிசு கொடுக்க ஆளில்லையாம்.

"போய்ட்டு வரேன்பா. காலையில எண்ணெய்க் குளியலுக்கு வந்துடுறேன்."

அவன் முகத்தைப் பார்த்தேன். அழுதிருக்கிறானா, பூச்சு பட்டுக் கண் எரிகிறதா, தெரியவில்லை. இருடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போடா என்று சொல்லவும் வரவில்லை. போய் கேட்டைத் திறந்துவிட்டேன்.