வலது கைக்குப் புது லைன்

என் அக்கா புருஷனை ஊரே ‘கரண்ட்டு’ என்றுதான் கூப்பிடும். இருபது வருஷமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். கெட்டிக்காரர், அந்தத் தலைக்கனமும் உண்டு. தெரியாத விஷயத்தையும் கரைத்துக் குடித்தவர் மாதிரி பேசுவார். பைக்கிலிருந்து விழுந்து வலது கை தோளோடு செத்துப்போன பிறகும் அந்தக் குணம் மட்டும் சாகவில்லை.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகள் வேரோடு பிய்ந்துவிட்டன, இனி ஒட்டாது. விலா எலும்புகளுக்கு நடுவே, மூச்சுக்கு நெஞ்சை அசைக்கும் நரம்புகள் ஓடுகின்றன. அவற்றில் மூன்றை எடுத்து முழங்கையை மடக்கும் தசையில் சேர்ப்பார்கள்.

“அதாவது, இந்த ரூம் லைன் போச்சு. பக்கத்து ரூம்லேர்ந்து இழுக்கிறீங்க. அவ்வளவுதானே டாக்டர்?” என்றார் மாமா.

டாக்டரே சிரித்துவிட்டார். “அவ்வளவுதான். ஆனா நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். பொறுமை வேணும்.”

அது மாமாவிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, பல்லைக் கடித்து, முகம் சிவக்கக் கையோடு மல்லுக்கட்டுவார். அது பாட்டுக்குத் தொங்கும். அக்கா சமையலறையிலிருந்து பார்ப்பாள். கேட்டால் எரிந்து விழுவார் என்பதால் கேட்கமாட்டாள்.

எட்டாம் மாதம் டாக்டர் சிரிக்கவில்லை. “அடுத்த மாசம் வரும்போது சின்னத் துடிப்பாவது தெரியணும். நரம்பு வந்து சேராத தசை ரொம்ப நாள் தாங்காது. அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது.”

அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. ஏணி ஏற இரண்டு கை வேண்டும். மாமாவுக்கு வேறு வேலையும் தெரியாது.

கெடு நாளன்று ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் கேட்டாள்: “மூச்சுப் பயிற்சி தினமும் செய்றீங்கதானே?”

“அதுவா? ஆபரேஷன் பண்ணின நெஞ்சுப் புண் ஆறினதும் விட்டுட்டேன். எனக்கென்ன ஆஸ்துமாவா?”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “பின்னே இத்தனை மாசமா என்ன செஞ்சீங்க?”

“கையை மடக்கிப் பார்த்தேன்.”

அக்கா பார்த்த பார்வையில் ஆளே பொசுங்கியிருக்க வேண்டும்.

“வெறுமனே கையை மடக்க நினைச்சா, கட்டளை கழுத்து வழியாப் போகும். அங்கதான் நரம்பே இல்லையே! இப்ப அந்தத் தசை மூச்சோட லைன்ல இருக்கு. மூச்சை ஆழமா இழுத்தாத்தான் அசையும்,” என்றாள் அந்தப் பெண்.

மாமாவுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. லைனை மாற்றிக் கொடுத்த பிறகும் பழைய சுவிட்சையே தட்டுகிறவர்களை, ‘அறிவிருக்கா?’ என்று திட்டித் தீர்த்த மனுஷன்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பயம் அதைவிடப் பெரிது. ஒருவேளை உண்மையிலேயே நரம்பு வந்து சேரவில்லை என்றால்?

அக்கா இரண்டு விரலை அவர் புஜத்தில் வைத்தாள். மாமா மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. அக்கா தலையை ஆட்டினாள், இல்லை என்று. மூன்றாவது முறை நெஞ்சு விம்ம இழுத்து, அப்படியே நிறுத்தினார்.

“துடிக்குதுங்க,” என்றாள் அக்கா. “ஐயோ, துடிக்குதுங்க!”

மாமா மூச்சை விடவில்லை. விட்டால் போய்விடுமோ என்று, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“விடுங்க,” என்றாள் அக்கா. “மறுபடியும் வரும். விடுங்க.”