பதினொரு பேருக்கு ஒரே வேன்

லங்காவித் தீவுக்கு வர அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். விமான நிலையத்திலிருந்து ஹோட்டல் போய்ச் சேரும்வரை எல்லோரும் ஒரே வேனில் போக வேண்டும்.

"பிளேன்ல நம்பர் பாத்து ஒக்காந்துருவானுங்க. ரூமுக்குப் போனா கதவச் சாத்திக்குவானுங்க. வேன்ல எங்க போவானுங்க?" என்றாள்.

அவள் சொன்னது என் அண்ணனையும் தம்பியையும். மூன்று வருடங்களாக இருவருக்கும் பேச்சு கிடையாது. காரணத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அப்பா கடைசிக் காலத்தில் ரஹாங்கில் தம்பி வீட்டில் இருந்தார். ஒரு நாள் காலை தூக்கத்திலேயே போய்விட்டார். தம்பி அப்போது சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலையில் இருந்தான். இயந்திரப் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதியில்லை. செய்தி அவனை எட்டுவதற்குள் மந்தினிலிருந்து வந்த அண்ணன், மூத்த மகன் வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லி, உடலைத் தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார். தம்பி வேலை உடுப்போடு வீட்டுக்குள் நுழைந்தபோது கட்டிலில் விரிப்பு மட்டும் இருந்தது. அன்றிலிருந்து இருவரும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள்.

அக்கா செம்பனை எனும் எண்ணெய்ப்பனையின் நாற்றங்கால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காகத்தான் இந்தப் பயணம். கணவர் போனபிறகும் அவள் தோட்டத்து லயத்தைவிட்டு வரவில்லை. பிள்ளைகள் இல்லை. அவளை எங்காவது கூட்டிப் போவது என்று நாங்கள் மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம். சேர்ந்து என்றால், அண்ணன் என்னிடம் சரி என்றார், தம்பி என்னிடம் சரி என்றான்.

வேன் பதிவு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பது வருடம் பத்திரிகையில் அடுத்தவர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவள் என்பதால் படிவம் நிரப்புவது எனக்குக் கைவந்த கலை என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் பழைய ரப்பர் பால் ஸ்டோரின் வாசல் ஒன்றுதான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டு எத்தனையோ காலமாகிவிட்டது, பால் வருவதில்லை. சிக்னல் வருகிறது. இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்து தீவிலிருக்கும் வேன் ஏஜெண்டுடன் வாட்ஸ்அப்பில் பேசினோம். மறுமுனையில் ஒரு மலாய்ப் பெண். குரலை வைத்துச் சின்ன வயசு என்று தெரிந்தது. என்னைக் 'காக்' என்றாள், மலாயில் அக்கா.

"எத்தனை பாக்ஸ், காக்?"

"பொட்டியக் கேக்குறாளா, ஆளக் கேக்குறாளா?" என்றாள் என் அக்கா.

"ஆளத்தான். இவங்க ஊர்ல பயணிக்குப் பேரு பாக்ஸ்."

"நல்லா வெச்சானுங்க பேரு. பதினொண்ணுன்னு சொல்லு."

அண்ணன் குடும்பத்தில் நான்கு பேர், தம்பி குடும்பத்தில் நான்கு பேர், நானும் என் கணவரும், அக்கா. பதினொன்று. இந்த எண் நிலைப்பதற்கே இரண்டு வாரம் ஆனது. அண்ணன் போன் செய்வார். "பாப்பா, நாங்க தனியா காடி எடுத்துக்குறோம். அவன் வேன்ல வரட்டும்." காடி என்றால் எங்களுக்குக் கார். பதினொன்று ஏழாகும். அக்காவின் நிபந்தனையைச் சொல்வேன். ஏழு மறுபடி பதினொன்றாகும். அடுத்த நாள் தம்பி. "சின்னக்கா, நாங்க அடுத்த பிளைட்ல வரலாம்னு பாக்குறோம்." ஒவ்வொரு முறையும் ஏஜெண்டுக்கு எழுதி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி எழுதினேன். ஐந்தாவது முறை அவள் பதிலுக்குக் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினாள்.

எண் முடிந்தபின் படிவம் வந்தது. அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் அடையாள அட்டையில் என் பெயர், அடுத்து ஏ/பி, அடுத்து அப்பா பெயர். இன்னாரின் மகள் என்பதற்கு மலாயில் அந்தச் சுருக்கம். ஆண்களுக்கு ஏ/எல். கட்டத்தைக் காலியாக விட்டேன், படிவம் நகரவில்லை. கோடு போட்டேன், சிவப்பாக எரிந்தது. என் பெயரையே இரண்டாவது முறை எழுதினேன், இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் இருக்கக் கூடாதாம். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

பதினான்கு இருக்கை வேன், பதினொரு பேர், வேறு யாரும் ஏறமாட்டார்கள் என்று உறுதிக் கடிதம் வந்தது. அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். புறப்படுவதற்கு நான்கு நாள் இருக்கும்போது தம்பி கூப்பிட்டான்.

"சின்னக்கா, அந்த வேன்காரங்க நம்பர் குடுங்க. அவசரத்துக்கு இருக்கட்டும்."

கொடுத்தேன். என்ன அவசரம் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டும் என்பது எந்த நிருபரும் முதல் மாதத்தில் கற்றுக்கொள்கிற பாடம், அதைக் கோட்டைவிட்டேன்.

விமானம் லங்காவியில் இறங்கியதும் கைப்பேசியை உயிர்ப்பித்தேன். பெட்டிகளுக்காகக் காத்திருக்கும்போது ஏஜெண்டின் செய்தியைப் படித்தேன். காலையில் அனுப்பியிருந்தாள். 'காக், உங்கள் பதிவு இரண்டு முறை விழுந்திருக்கிறது. பழையதை ரத்து செய்துவிட்டேன். பத்து இருக்கை வேன் வரும். நன்றி.'

அவளைக் கூப்பிட்டேன். நான் ஒருமுறைதான் பதிவு செய்தேன் என்றேன்.

"இல்ல காக், ரெண்டு இருக்கு. அதே குடும்பப் பேரு. அதே பிளைட். அதே ஹோட்டல்."

திரும்பிப் பார்த்தேன். தம்பி பெட்டி வரும் பட்டையையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ வேன் புக் பண்ணியா?"

"சின்ன காடிதான் கேட்டேன் சின்னக்கா. ஸ்கூல் லீவு, எல்லாம் போயிருச்சாம். பத்து சீட்டு வேன்தான் இருந்துச்சு."

"நாலு பேருக்கு?"

"சும்மா கால நீட்டிப் போலாம்ல."

அவனும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் போட்டிருக்கிறான். வேறு எதைப் போடுவான்? நான் போனில் அவளிடம், அது என் தம்பியின் பதிவு, தனிப் பதிவு என்று விளக்கினேன்.

"அப்போ ஒரே குடும்பம்தானே, காக்? எதுக்கு ரெண்டு வேன்?"

அவள் நியாயமாகத்தான் கேட்டாள். பதினான்கு இருக்கை வேனைத் திரும்பக் கேட்டேன். அது வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு படகுத் துறைக்குப் போய்விட்டது.

வெளியே வந்தோம். கம்பித் தடுப்புக்கு அப்பால் ஓட்டுநர்கள் வரிசையாகப் பெயர்த் தாள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான்காவது தாளில் அப்பா பெயர் இருந்தது. முன்னால் மிஸ்டர் என்று போட்டு, நடுவில் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தார்கள். அண்ணன்தான் முதலில் பார்த்தார். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். பின்னால் வந்த தம்பியின் தள்ளுவண்டி அவர் குதிகாலில் இடித்தது. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் திரும்பவில்லை. ஓட்டுநர் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அப்பா பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டார்.

"யா," என்றார்கள் இருவரும்.

ஓட்டுநர் ஐம்பதைத் தொட்ட மலாய்க்காரர், பொறுமையானவர். வேன் அருகே போனதும் எங்களை ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்து முடியாதென்று தலையாட்டினார். "பத்து பேர்தான், போஸ். பதினொண்ணு முடியாது. முன்னாடி போலீஸ் ரோட் பிளாக் இருக்கு."

"இடிச்சு ஒக்காந்துக்குறோம் லா," என்றார் அண்ணி. "சின்னது ரெண்டும் மடியில."

சின்னது இரண்டில் ஒன்று அவரைவிட உயரம். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே மறுபடி தலையாட்டினார்.

அண்ணனுக்கு முகம் தெளிந்தது. "அப்போ பேச்சே வேணாம் பாப்பா. நாங்க நாலு பேரும் டாக்ஸில வந்துர்றோம்."

"இல்ல சின்னக்கா," என்றான் தம்பி, அண்ணன் சொன்னது காதில் விழாதவன்போல. "அவங்கள ஏறச் சொல்லுங்க. நாங்க டாக்ஸி எடுக்குறோம்."

"புக் பண்ணவன் அவன்தானே, அவனே வேன்ல போகட்டும்."

"பெரியவங்க ஏறட்டும்னு சொல்லுங்க."

இருவரும் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொன்னார்கள். நான் தபால்பெட்டி. வெயில் உச்சியில் இருந்தது. இரண்டு வாரம், ஐந்து மாற்றங்கள், ஓர் உறுதிக் கடிதம், எல்லாம் இந்த வாகன நிறுத்துமிடத்தில் வந்து கரைந்துகொண்டிருந்தன. மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்த ஒரு வார்த்தை என் வாய்வரை வந்தது. பிள்ளைகள் நின்றதால் விழுங்கினேன்.

அக்கா ஏற்கெனவே ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்திருந்தாள். எங்கள் பேச்சை முழுக்கக் கேட்டாள். கதவைத் திறந்து, வலது காலை முதலில் விட்டு, மெல்ல இறங்கினாள்.

"ஒரு ஆள்தானே அதிகம்? நான் டாக்ஸில வர்றேன். எல்லாரும் ஏறுங்க."

"நீ எதுக்கு எறங்குற?" என்றார் அண்ணன்.

"எனக்கு வேன்ல வாந்தி வரும்."

"எஸ்டேட் லாரில நின்னுக்கிட்டே பத்துமலைக் கோயிலுக்குப் போனவங்க," என்றான் தம்பி. "வேன்ல வாந்தி வருதாம்."

"வயசாயிருச்சுடா. ஏறு."

அண்ணன் குடும்பம் ஏறியது, தம்பி குடும்பம் ஏறியது, என் கணவர் ஏறினார். கணக்குப்படி பத்தாவது ஆள் நான். படியில் கால் வைத்தபோது அக்கா என் பைவாரைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் எறங்கு."

"எடம் இருக்குக்கா."

"இருக்கட்டும். நீ உள்ள இருந்தா ரெண்டு பேரும் ஒங்கிட்டதான் பேசுவானுங்க."

காலை எடுத்துக்கொண்டேன். ஓட்டுநர் கதவைச் சர்ரென்று இழுத்துச் சாத்தினார். அக்கா கதவின்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள், லாரியைக் கிளப்பிவிடுகிற மாதிரி. வேன் நகர்ந்தது.

டாக்ஸி உடனே கிடைத்தது. ஓட்டுநர் அவசரக்காரர். முதல் போக்குவரத்து விளக்கிலேயே வேனைப் பிடித்துவிட்டார், முந்துவதற்காக வலப்புறம் ஒதுங்கினார்.

"பாங், ஜாங்கான் போத்தோங்," என்றாள் அக்கா. முந்தாதீங்க அண்ணே. "பின்னாலேயே போங்க."

அவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். வேனின் பின்கண்ணாடியில் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மேலே ஒரு விரல் உயரத்துக்குத்தான் உள்ளே தெரிந்தது. சில தலைமுடிகள். எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

என் கைப்பேசி அடித்தது. அண்ணன்.

"எடுக்காத," என்றாள் அக்கா.

அது அடித்து ஓய்ந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தம்பி.

"எடுக்காத."

"ஏதாவது அவசரமா இருந்தா?"

"அவசரம்னா ரெண்டு பேரும் ஒரே வண்டிலதானே இருக்கானுங்க. பேசித் தொலையட்டும்."

அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை. சாலை ஒரு நெல்வயலைச் சுற்றிப் போனது. எருமைகள் நின்றன. அக்கா எதையும் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக, முன்னால் போகும் வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் தம்பியிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

'அக்கா மருந்து டப்பா முன் சீட்ல கெடக்கு. சாப்பாட்டுக்கு முந்தி போடணுமான்னு அண்ணன் கேக்கச் சொல்றாரு. வேன நிறுத்தவா?'

"யாரு எழுதுனது?"

"தம்பி."

"யாரு கேக்கச் சொன்னதுன்னு போட்டிருக்கு?"

"அண்ணன்."

அக்கா ஜிப்பை மூடினாள். "நிறுத்த வேணாம்னு சொல்லு. எறங்குனா ஆளுக்கொரு பக்கம் போயிருவானுங்க." பிறகு முன்னால் குனிந்து டாக்ஸி ஓட்டுநரிடம், ஹோட்டலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். ஐந்து நிமிடம் என்றார்.

"அஞ்சா?" என்னிடம் திரும்பினாள். "அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. வேன் போறதுக்கு வேற ரோடு இருக்கான்னு கேளு."

இவ்வளவு நாளும் அந்தப் பெண்ணிடம் சரியான வேன், சரியான நேரம், சரியான எண்ணிக்கை என்று நச்சரித்தவள் நான். இப்போது அவளைக் கூப்பிட்டு, வேனை நேராக ஹோட்டலுக்கு விடாதீர்கள், எங்காவது சுற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள் என்றேன். நான் சொன்னதை இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அது புக்கிங்ல இல்லியே, காக்."

"தெரியும்."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மூச்சை எனக்கு நன்றாகத் தெரியும், மூன்று வருடமாக நான் விடுவது. "கடலோரமாப் போற ரோடு ஒண்ணு இருக்கு. இருபது நிமிஷம் கூட ஆகும். பரவாயில்லையா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு அக்காவிடம் சொன்னேன்.

"இருபதுதானா?" என்றாள்.