மாகாணம் அல்ல, தொகுதி

"உங்கட ஆக்களுக்கு வாக்குப் போடத் தெரியும் பிள்ளை. தொகுதியின்ர சரித்திரம் எழுதத் தெரியுமே?"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் புலமைப்பரிசில் பெற்று மெல்பேர்ணுக்குப் படிக்க வந்த புதிதில், என் ஆய்வைப் பற்றிச் சொன்னபோது அங்கிள் இப்படிக் கேட்டார். இங்குள்ள சில தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும், அவர்தான் தலைவர். டொக்டர். வடமாகாணத்தில் எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் ஊரின் மற்றப் பக்கம். அந்தப் பக்கத்தார் எங்களைத் தங்கள் கிணற்றில் அள்ள விடுவதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அங்கிள் சிரித்துக்கொண்டு கேட்டார். நான் சிரிக்கவில்லை.

ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது, விக்டோரியாவின் வடக்கே கோதுமை வயல்களுக்கு நடுவே ஒருகாலம் இருந்து ஒழிந்துபோன தேர்தல் தொகுதி. தங்கம் தேடி வந்தவர்களால் அங்கே ஊர்கள் நிரம்பின; தங்கம் முடிந்ததும் வெறிச்சோடின. எல்லையைத் திரும்பக் கீறியபோது பக்கத்துத் தொகுதிகள் அதை விழுங்கிவிட்டன. மாநில மேற்சபைக்கு ஆள் அனுப்பிய தொகுதி அது. காணியும் சொத்தும் உள்ளவனுக்குத்தான் அதில் வாக்கு. சுரங்கத்தில் மண் வெட்டியவனுக்கு இல்லை. அதை வாசித்த அன்று அங்கிளின் சிரிப்பு மறுபடி கேட்டது.

மேற்சபைத் தொகுதியை விக்டோரியாவில் 'புரொவின்ஸ்' என்பார்கள்.

ஒரு மாதம் சிட்னியிலிருந்து வரவேண்டிய பேச்சாளர் வரமுடியாமல் போக, அங்கிளின் மனைவி, அன்ரி, என் பெயரைச் சொன்னார். வேறு ஆளில்லாததால் அங்கிள் ஒத்துக்கொண்டார். ஆங்கிலத் தலைப்பை என்னிடம் வாங்கி, அறிவித்தலை அவரே தமிழில் எழுதினார்: 'மறைந்துபோன மாகாணம்'. ஊரில் புரொவின்ஸ் என்றால் மாகாணம்தானே. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லித் திருத்தியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

மண்டபத்தில் என்னை அறிமுகப்படுத்த எழுந்தவர் தன் பேச்சையே தொடங்கிவிட்டார்.

"இந்த நாட்டிலயும் ஒரு மாகாணம் இருந்தது. தனி நிர்வாகம், தனிக் கவர்னர். எல்லாத்தையும் பறிச்சுப்போட்டாங்கள். வடமாகாணத்து ஆக்கள் நாங்கள் இதில படிக்கவேணும்."

கைதட்டினார்கள். அவர் இன்னும் நீட்டினார். நீட்டட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு எழுந்தேன்.

"அங்கிள் சொன்ன மாகாணம் இந்த நாட்டில எங்கையும் இருந்ததில்லை. இங்க மேற்சபைத் தொகுதிக்குத்தான் புரொவின்ஸ் எண்டு பேர். நான் எழுதினது ஒரு தொகுதியின்ர சரித்திரம். எங்கட ஆக்களுக்கும் அது தெரியும்."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப அந்தக் கவர்னர் எங்க போனவர், டொக்டர்?" என்றார். மண்டபம் சிரித்தது. அன்ரியும் சிரித்தார். மிச்சத்தை அவசரப்படாமல் பேசினேன். அங்கிள் தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. எனக்கு அது இனித்தது.

வெளியே மழை. அங்கிள் காரை என்னருகில் நிறுத்தினார்.

"ஏறு பிள்ளை, கொண்டுபோய் விடுறன்."

அவருடைய தகப்பனார் எங்கள் ஊர்த் தொகுதியில் தேர்தலில் நின்றவர். அன்று அம்மாவையும் அயல் பெண்களையும் வாக்குச்சாவடிக்குக் காரில் ஏற்றிப் போனார்கள், சீற்றில் தீட்டுப் படாமல் சாக்கு விரித்து. வாக்குப் போட்டு முடிந்ததும் கார் இல்லை. நல்ல வெயிலில் நடந்து வந்ததை அம்மா இன்றும் சொல்வார்.

"வேண்டாம் அங்கிள். உங்கட காரில எங்கட ஆக்கள் போறது மட்டும்தானே. வரேக்க நடந்துதான் பழக்கம்."

அவருக்கு விளங்கிவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். நான் நனைந்துகொண்டு ட்ராம் வண்டிக்கு நடந்தேன்.

அம்மா வாக்குப் போட்ட அந்த ஊர்த் தொகுதியும் இப்போது இல்லை. எல்லைகளை மாற்றியபோது அதன் பெயரே போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் அதன் சரித்திரத்தை என் அடுத்த ஆய்வாகப் பதிந்தேன். இப்போது முதல் அத்தியாயம் எழுதி முடிந்தது. அதற்கு வைத்த தலைப்பு: 'சாக்கு'.