பிளேடால் குறைத்த இடுப்பு

சுண்டக் காய்ச்சிய பால் சட்டியின் அடியை நகத்தால் சுரண்டினால் ஒரு சத்தம் வருமே, அதைப் பல மடங்கு மெலிதாக்கிக்கொள்ளுங்கள்; நெகட்டிவின் மேல் பிளேடு போகும் சத்தம் அதுதான். சர்க். கொஞ்சம் விட்டு இன்னொரு சர்க். கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் அதற்குள் காணாமல் போய்விடும். எட்டு வருடம் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பிழைத்தேன்.

போட்டோவைத் திருத்துகிற டச்சிங் என்பது, ‘இது நான்தான்’ என்று ஆள் நம்புகிற அளவுக்கு மட்டும் பொய் சொல்கிற வேலை. எழுபதுகளின் நடுவில் தொடங்கி, சிம்மக்கல்லில் ஒரு மாடி போட்டோ ஸ்டுடியோவில் அதைச் செய்தேன். தமிழ் இலக்கியத்தில் பி.ஏ. முடித்து, பள்ளிக்கூட வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு ஓய்ந்திருந்த சமயம். ஸ்டுடியோ முதலாளி குப்புராம் அண்ணன், “செய்யுளெல்லாம் மனப்பாடம் பண்ணியிருக்க, பொறுமை இருக்கும்” என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். கோபம் வந்தால் ஸ்டுடியோவிலும் அதுதான் வரும். கோபம் இல்லாதபோது என்னை ‘டீச்சர்’ என்பார். கடைசிவரை எனக்குக் கிடைக்காத உத்தியோகம் அது.

படத்தை வாங்கிப் பார்த்து, ‘என் மூஞ்சி இப்படியா இருக்கு?’ என்று ஒரு தடவையாவது நொந்துபோனவர்களே, உங்களுக்கு நான் அந்நியம் இல்லை. உங்கள் கன்னத்துப் பரு என்னைப் போல ஒருத்தியின் கைக்கு வந்துதான் மறைந்திருக்கும்.

மச்சம்

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சிலால் தொட்ட இடம் அச்சில் வெளுக்கும். பிளேடால் சுரண்டிய இடம் அச்சில் கறுக்கும். பென்சில் வேலையை டர்பெண்டைன் தொட்டுத் துடைத்துவிடலாம். பிளேடு வேலை அப்படியில்லை. சுரண்டியது போனதுதான்.

சோழவந்தான் ரைஸ்மில்காரர் ஒருவர் கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. ஏதோ தூசி என்று நினைத்து, பென்சிலால் தொட்டு எடுத்துவிட்டேன். பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு அனுப்பியாகிவிட்டது. பத்தாம் நாள் மனிதர் சட்டத்தோடு மாடியேறி வந்தார். கோபமே இல்லை; கும்பிடாத குறையாக நின்றார். “மச்சத்தைத் திருப்பி வச்சுருங்க தாயி. அது போனதுல இருந்து மில்லுல பெல்ட்டா அறுந்துக்கிட்டு இருக்கு.”

கறுப்புத் திரை

எங்கள் தெருவில் சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஒரு ஜவுளிக்கடை இருந்தது. தியேட்டரில் இடைவேளையின்போது காட்டும் விளம்பர ஸ்லைடுக்கு, சேலை கட்டிய பெண் படம் வேண்டும் என்றார் கடை முதலாளி. மெட்ராஸிலிருந்து ஆளைக் கூட்டிவருவானேன் என்று, தன் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த மரகதத்தையே அனுப்பிவிட்டார். வாடிப்பட்டிப் பெண். பத்தொன்பது வயது. தண்ணீர்க்குடம் உட்கார இடம் உள்ள இடுப்பு, களையெடுத்துப் பழகிய கை, சிரித்தால் முழுதாக விரிகிற கன்னம்.

படம் நன்றாகத்தான் வந்திருந்தது. கடை முதலாளி நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை அம்சமாத்தான் இருக்கு. கட்டடம்தான் கொஞ்சம் அகலம்” என்றார். “பின்னாடி கறுப்புத் திரைதான, டீச்சர் பார்த்துக்கும்” என்றார் குப்புராம் அண்ணன். கறுப்புத் திரைக்கு முன்னால் நிற்கும் உடம்பில் எந்த ஓரத்தைச் சுரண்டினாலும் அது திரையோடு திரையாகப் போய்விடும். இடுப்பில் இரண்டு பக்கமும் ஒரு நூல் அகலம், கையில் அரை நூல். கால் மணி நேர வேலை. மேசையில் உதிர்ந்த கறுப்புத் தூளை வாயால் ஊதிவிட்டேன். அச்சடித்த படத்தைப் பார்த்த மரகதம் வாயைப் பொத்திக்கொண்டாள். “அக்கா, நான் இம்புட்டு அழகாவா இருக்கேன்?”

இருபது அடிப் பெண்

ஸ்லைடு போட்ட முதல் நாள், கடை முதலாளி குடும்பத்தோடு போய் சோபா டிக்கெட்டில் உட்கார்ந்தார். மரகதமும் கடைப் பெண்களோடு போயிருந்தாள். திரை முழுக்க அவள் உருவம் விழுந்ததும் விசில் பறந்ததாம். கூடவே பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்: “ஏய், அரிசி மூட்டைக்குச் சேலை கட்டி விட்டிருக்காய்ங்கடா!” தியேட்டரே சிரித்ததாம். மறுநாள் இதை என்னிடம் சொன்னவள் மரகதம்தான். அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாலாவது வாக்கியத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலாளி ஆபரேட்டரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். “இருபது அடி உயரத்துல நிக்கிற பொம்பளைக்கு இடுப்பு மட்டும் ஒரு அடியிலயா இருக்கும் முதலாளி?” என்று கேட்டானாம் அவன். நியாயமான கேள்வி. அந்தக் கோபமும் சேர்ந்து எங்கள் மாடிக்கு வந்தது. அதே நெகட்டிவ், அதே பிளேடு. இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “நீ பாட்டுக்குச் சுரண்டும்மா. எலும்பு வந்தா நிப்பாட்டு.”

காதர் பாய் தைத்த ஜாக்கெட்

புது ஸ்லைடுக்கு யாரும் சிரிக்கவில்லை. முதலாளிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தீபாவளிக்குப் பட்டுச் சேலையில் இன்னொரு படம், பொங்கலுக்குக் காலண்டர். ஜரிகை வைத்து ஜாக்கெட் தைக்க டெய்லர் காதர் பாயிடம் சொன்னார். அளவு ஜாக்கெட் கேட்ட பாயிடம், “அளவெல்லாம் எதுக்கு பாய், இந்தா இருக்கு” என்று நான் சுரண்டிய படத்தைக் கொடுத்துவிட்டார். காதர் பாய் கணக்கில் கெட்டிக்காரர். பிள்ளையின் உயரத்தைக் கேட்டு, படத்தின் மேல் ஸ்கேலை வைத்து, பெருக்கி வகுத்துத் துணியை வெட்டியிருக்கிறார்.

படமெடுக்கிற அன்று மரகதம் திரைக்குப் பின்னால் போனவள் வரவேயில்லை. போய்ப் பார்த்தேன். ஜாக்கெட் கை சதையைக் கவ்விப் பிடித்திருந்தது. கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. சேலையைப் போர்த்தி வெளியே கூட்டிவந்தேன். காதர் பாய் வந்தார், கடை முதலாளி வந்தார், குப்புராம் அண்ணன் வந்தார். மூன்று பேரும் மரகதத்தைத்தான் பார்த்தார்கள். ஜாக்கெட்டை ஒருத்தரும் பார்க்கவில்லை. சுரண்டச் சொன்னவர்களுக்கே அது மறந்துபோயிருந்தது, எனக்கு மட்டும்தான் ஞாபகம். அதை எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டினால் வேலை போகும். சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். காதர் பாய் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து மடித்தார். “படத்தை அளந்துதான் தச்சேன் முதலாளி. படம் சரியாத்தான் இருக்கு, பிள்ளைதான் கூடிருச்சு.”

ஒரிஜினல்

தீபாவளிப் படம் நின்றது. பொங்கலுக்குள் ஜாக்கெட்டுக்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காலண்டருக்கு வேறு பெண் என்றார் முதலாளி. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மரகதம் எங்கள் மாடிக்கு வந்துவிடுவாள். கடையில் எல்லாரும் தூக்குவாளியைத் திறக்கும்போது அந்த வாசனையில் உட்கார முடியவில்லையாம். காலையில் எலுமிச்சைச் சாறு, மத்தியானம் மோர், ராத்திரி அதுவும் இல்லை. மடியில் ஸ்லைடுப் படத்தின் ஒரு பிரதி வைத்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு, என் மேசைக்கு அடியில், நெகட்டிவுக்கு வெளிச்சம் ஏற்றச் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் குனிந்து தன்னைப் பார்ப்பாள். “போன வருசம் இப்படித்தானக்கா இருந்தேன். எங்கிட்டுக் கூடுனேன்னே தெரியல.”

ஒரு மத்தியானம் தாங்காமல் சொல்லிவிட்டேன். நீ எப்போதும் இப்படி இருந்ததில்லை, இந்த இடுப்பு என் பிளேடு செய்த இடுப்பு என்று. “அப்ப சுரண்டாத படத்தைக் காட்டுங்க” என்றாள். எங்கே காட்டுவேன்? இருந்தது ஒரே நெகட்டிவ். அவளுடைய நிஜ இடுப்பை ஒரு வருடத்துக்கு முன்னால் மேசையிலிருந்து ஊதிவிட்டவள் நான். நெகட்டிவை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து, பிளேடு போன தடத்தைக் காட்டினேன். “கீறல் விழுந்திருக்கு, அம்புட்டுத்தான” என்றாள். எழுந்து படி வரை போனவள் திரும்பினாள். “உங்களுக்கு என் மேல பொறாமைன்னா நேராச் சொல்லுங்க. படம் எங்கயாச்சும் பொய் சொல்லுமா?”

மிச்சமான வேலை

மார்கழியில் ஜாக்கெட் சேர்ந்தது. சேர்ந்தது என்ன, தோளில் தொளதொளத்தது. சேலை நிற்பதற்கு இரண்டு பாவாடை கட்ட வேண்டியிருந்தது. நான்தான் கட்டிவிட்டேன், முதுகில் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். வகிடு அகன்று, முடி கையோடு வந்தது. எல்லாரும் சபாஷ் சொன்னார்கள். கடை முதலாளி ஒரு பொட்டலம் அல்வா அனுப்பிவைத்தார். அவளைத் தவிர எல்லாரும் தின்றோம். காலண்டர் படத்தின் நெகட்டிவைக் கண்ணாடி மேல் வைத்து, பிளேடை எடுத்து, சுரண்ட இடம் தேடினேன். இல்லை. பின்னால் வந்து நின்ற குப்புராம் அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “இன்னைக்கு உனக்கு வேலை மிச்சம், டீச்சர்.”

வியாதி

தை பிறந்து ஒரு வாரத்தில், கடைப் படியில் சேலைக் கட்டோடு விழுந்தாள். கூட்டிக்கொண்டு போனவள் நான். எத்தனை மாதமாகத் தூரம் வரவில்லை என்று லேடி டாக்டர் கேட்டபோது, விரலை மடக்கி நாலு என்றாள். டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். “இந்தப் பிள்ளைக்கு வியாதி எதுவும் இல்ல, சோறுதான் இல்ல. யாரு இவளைப் பட்டினி போடுறது?” நான்தான் என்பதற்குப் பதிலாக, என்ன மருந்து வாங்க வேண்டும் என்று கேட்டேன்.

கடையில் போய்ச் சொன்னேன். முதலாளி நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் பழம் அனுப்பச் சொன்னார். பிறகு, அடுத்த படத்துக்கு என்ன செய்வது என்று என்னோடு வந்திருந்த குப்புராம் அண்ணனிடம் யோசனையாகக் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் தானே பதிலும் சொன்னார். “அதான் ஜாக்கெட் இருக்கே. அதுக்கு ஏத்த பிள்ளையாப் பாருங்க.”

பென்சிலால் போட்ட சதை

பங்குனியில் மரகதத்தின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு மாடியேறினாள். பேரையூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம், பெண் படம் கேட்டிருக்கிறார்கள். எட்டு வருடத்தில் நான் கண்ட விசித்திரம் இது: கடைப் படத்துக்குச் சதையை எடுக்க வேண்டும், கல்யாணப் படத்துக்குச் சதையை வைக்க வேண்டும். ஒல்லிப் பெண்ணை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள். பார்க்க மட்டும் செய்வார்கள். “கன்னத்துல, கழுத்துல, எங்கெங்க பள்ளமோ அங்கங்க மெத்தி விடு தாயி. நான் ஊட்டுனா துப்பிப்புடுறா, நீயாச்சும் வையி” என்றாள் அந்த அம்மா.

மூன்று நாள் உட்கார்ந்தேன். பிளேடைத் தொடவில்லை, பென்சில் மட்டும். கண்ணுக்கு அடியில், கன்னத்தில், கழுத்தெலும்புக் குழியில் நுனி தெரியாமல் புள்ளி புள்ளியாக வைத்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்துச் செய்யவில்லை. முதல் நாள் சிரித்துக்கொண்டு வந்து நின்றாளே, அவளை ஞாபகத்திலிருந்து எடுத்து வைத்தேன். அந்த ஸ்டுடியோவில் நான் செய்த ஒரே நல்ல வேலை அது. மரகதம் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மரியாதைக்குக்கூடச் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். “யாருக்கா இது? இம்புட்டுக் குண்டா இருக்கா.”

படத்தில் இருக்கிற பிள்ளை

படம் பேரையூரில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தாள் மரகதத்தின் அம்மா. கைராசிக்காரி என்று நினைத்திருப்பாள். மாப்பிள்ளையின் அத்தை நடுவீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெரிய மனுஷி, முரட்டுக் கை, நல்ல மனசுதான். படத்தை மடியில் வைத்திருந்தாள். மரகதம் வந்து கும்பிட்டு நின்றாள். அத்தை அவளை அன்பாகவே பார்த்தாள், பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம்கூட விட்டாள். பிறகு உள்வாசலை எட்டிப் பார்த்து, அம்மாவிடம் கேட்டாள். “சின்னவளை நல்லாக் கவனிங்க மதினி, காத்தடிச்சா விழுந்துருவா போலருக்கு. சரி, படத்துல இருக்க பிள்ளையை வரச் சொல்லுங்க.”

படம் பிடித்தவர், சேலை விற்றவர், ஜாக்கெட் தைத்தவர், சுரண்டிய நான், எல்லாருமே அவரவர் வேலையைக் குறையில்லாமல்தான் செய்தோம். குறைந்தது அவள் மட்டும்.

மரகதத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாடிப்பட்டியில் தம்பி வீட்டில் இருந்தாள். முப்பத்தெட்டாவது வயதில், டவுன் பஸ் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அந்த வயசிலேயே பட்டினி கிடந்து எலும்பு கிழவிக்குப் போலப் பொரபொரத்துவிட்டது என்றாராம் டாக்டர். அதற்குப் பிறகு அவள் நடக்கவில்லை.