முதல் தரத் தண்ணீர்

தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லோரும் அட்டைக்குப் பயப்படுவார்கள். துஷ்யந்தி அக்காவுக்குப் பயம் தண்ணீர்மேல்தான். மழை பெய்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் பிளேன் டீ நிறத்தில் தண்ணீர் வரும். கூடவே அவர் மகள் ஷாமிளாவுக்கு வயிற்றோட்டமும் வரும். பிள்ளை இந்த வருடம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் அக்கா ரப்பர் பால் வெட்டப் போகுமுன் கேத்தலைக் கொதிக்க வைப்பார்; வந்ததும் மறுபடி. ஜன்னலில்லாத காம்பரா அறையில் விறகுப் புகை சுற்றிச் சுற்றி வரும்.

"கண்ணெரிச்சலா, வயித்தோட்டமான்னு கேட்டா கண்ணெரிச்சலே போதுங்க," என்பார்.

தண்ணீருக்கு வடிகட்டித் தொட்டி கட்டித் தரும்படி லயத்தார் கேட்டார்கள். பரிசோதிக்காமல் கட்ட முடியாது என்றது தோட்ட நிர்வாகம். ஒருவழியாகச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அன்று நல்ல மழை, புல்லெல்லாம் அட்டை. மக்களின் ஆரோக்கியத்தை வேனுக்குள் இருந்தபடியே காக்கலாம் என்று முடிவு செய்தவர், மூடி போட்ட போத்தலொன்றை ஜன்னல் வழியாக அக்காவிடம் நீட்டினார்.

"அக்கே, பொன வத்துர டிக்கக் தென்ன."

குடிக்கிற தண்ணீர் கொஞ்சம் தரச் சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் குடிக்கிற தண்ணீர் எது? கேத்தலில் இருப்பது. வாசலுக்கு வந்த மஹத்தயாவுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பது மரியாதையா? கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆறிய கொதிநீரைப் போத்தல் நிறைய ஊற்றிக் கொடுத்தார்.

முடிவு வந்தது: கிருமியே இல்லை, முதல் தரம். தோட்டத்துத் தொரை அதை லேமினேட் செய்து குழாயடியில் மாட்டினார். தொட்டிப் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த மாதம், வீட்டுக்குள் இருக்கும் காற்றை அளக்க ஸில்மியா என்ற பெண் வெள்ளைப் பெட்டியோடு வந்தாள். அக்காவின் அடுப்பருகே வைத்ததும் பெட்டி ஓயாமல் கத்தியது.

"அக்கா, இந்தப் புகை பிள்ளைக்குக் கூடாது. தண்ணிதான் முதல் தரமாச்சே, எதுக்குக் கொதிக்க வைக்கிறீங்க?"

"எந்தத் தண்ணிம்மா முதல் தரம்?"

"மஹத்தயா கொண்டு போனாரே, அதுதான்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப் பாவி, அது என் கேத்தலுக்குக் குடுத்த சர்டிபிகேட்டு!"

சிரிப்பு அடங்கியதும் நேரே தொரையிடம் போனார். பரிசோதகர் மறுபடி வரவேண்டியதாயிற்று. இம்முறை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு குழாயடிக்கே இறங்கினார். காலில் அட்டை, கையில் போத்தல். முடிவு: குடிக்க உதவாது.

தொட்டி வரும் என்று லயமே காத்திருந்தது. வந்தது புதுத் தாள். 'கொதிக்க வைத்துக் குடிக்கவும்.' அதையும் லேமினேட் செய்திருந்தார்கள். அதே வாரம் ஸில்மியாவின் அலுவலகத்திலிருந்து இன்னொரு தாள் அக்காவின் கதவில் ஒட்டப்பட்டது: 'வீட்டுக்குள் விறகடுப்பு மூட்ட வேண்டாம்.'

அக்கா இரண்டையும் வாசித்தார். பிறகு குழாயடியில் கழற்றிப் போட்டிருந்த பழைய முதல் தரத் தாளைத் தேடி எடுத்து வந்தார்.

இன்றும் ஈர விறகு பற்றாதபோது அவர் அடுப்பை விசிறுவது அந்தத் தாளால்தான்.

"லேமினேட் பண்ணது நல்லதாப் போச்சு," என்கிறார். "மடங்காம நல்லாக் காத்து வருது."