குழுவில் வந்த படங்கள்

இரண்டு விரல்களால் கைப்பேசித் திரையை அகட்டிப் பெரிதாக்கி, கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மேல்மாடி அக்கா. கறிவேப்பிலை கேட்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டித் தமிழ்க் குடும்பங்களுக்கென ஒரு வாட்ஸப் குழு உண்டு. பொங்கல் விழா, ஊருக்குப் போகும் ரயில் என்று ஓடிக்கொண்டிருந்த அதில், இலங்கையின் கடைசிப் போர் பற்றி யாரோ பகிர்ந்த காணொளியால் சண்டை மூண்டது. எல்லோரும் மாமா என்று அழைக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், நடந்தது போர்க்குற்றம்தான், ஆனால் இனப்படுகொலை என்பதற்கு ஓர் இனத்தையே அழிக்கும் நோக்கம் நிரூபணமாக வேண்டும் என்று எழுதினார். ஐ.டி. இளைஞர்கள் கொதித்தார்கள். ஆளுக்கு ஆள் சான்றாகப் படங்களைக் கொட்டினார்கள். அக்கா முல்லைத்தீவுக்காரர் என்பது எனக்குத் தெரியும். போர் முற்றுமுன் தாயோடு படகில் வந்தவர். பிறகு இங்கே ஆட்டோ பாகங்கள் செய்யும் ஆலையில் வேலைபார்ப்பவரை மணந்தார். தந்தையோடு ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனான். குழுவில் படம் வந்து கைப்பேசி சிணுங்கும்போதெல்லாம் மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். அன்று உள்ளே போய் அடுப்பை அணைத்தேன்.

"மாமாகிட்ட சொல்லி இதை நிறுத்தச் சொல்றேன்க்கா" என்றேன்.

"நிப்பாட்டச் சொல்லாதேங்கோ" என்றார் அவசரமாக. "கோவத்திலதான் ஆக்கள் எங்கயோ கிடந்த படங்களையெல்லாம் எடுத்துப் போடினம். நான் காணாத படங்கள்."

அந்தப் படங்களில் அவர் தேடியது தம்பியைத்தான்.

ஒருநாள் மாமாவே போர்க்குற்றத்துக்குச் சான்றாக ஒரு படம் போட்டார். கைகள் பின்னால் கட்டப்பட்டு, வரிசையாக உட்கார்ந்திருக்கும் பையன்கள். ஒருவன் முகம் திருப்பியிருந்தான். "காது அவன்ர மாதிரியே கிடக்கு" என்றார் அக்கா. நான் மாமாவிடம் சொன்னேன். அவர் அதன்பின் விவாதிக்கவில்லை. படத்தின் மூலத்தைத் தேடினார். சில வாரங்களில் அக்கா வீட்டுக்கு வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மா, இது உங்க ஊர் இல்ல. வேற ஏதோ நாட்டுச் சண்டை. யாரோ அனுப்புனதைப் பார்க்காம போட்டுட்டேன்."

அக்கா படத்தை மூடவில்லை. "இவனும் வீட்டுக்குத் திரும்பியிருக்கமாட்டான், என்ன?" என்றார்.

போகுமுன் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த வார்த்தையைப் பத்தி நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

"அது இனப்படுகொலைதான். அதில எனக்குச் சந்தேகமில்ல. ஆனா என்ர தம்பி செத்திட்டான் எண்டு மட்டும் நான் இன்னும் சொல்லேல்ல."

இப்போது வேறொரு நாட்டில் போர். குழுவில் மறுபடி அதே சொல்லுக்காகச் சண்டை. மாமாவும் எழுதுகிறார், முன்னைப்போல உறுதியாக இல்லை. நேற்று லிஃப்டில் அக்கா கேட்டார்: "உங்களுக்குத் தனியா எங்கட ஊர்ப் படம் ஏதும் வந்ததே?"

"இல்லக்கா."

"வரும்" என்றார், கதவு திறக்குமுன்.