கைஸ்லிங்கன் ஏற்றமும் எட்டு வால்வுகளும்

வோல்ஃப்ராம் ஷெம்ப், கோப்பிங்கன் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்து நாலு. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை என்று டிப்போவில் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். சொந்தக் காரில் கிளம்பினால் மட்டும் எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அந்தக் காரை விற்கவும் மாட்டார், வொர்க்‌ஷாப்பில் விடவும் மாட்டார். மனைவி பிரிந்து போன பிறகு அவரே போய், அவரே பார்த்து வாங்கிய முதல் பொருள் அது. அதற்கு முன்னால் சோபா, திரைச்சீலை, நாய் எல்லாமே வேறு யாரோ தேர்ந்தெடுத்தவைதான்.

அவருக்கு ஒரே மகள், ஜூடித். ஆல்காய் மலையில் கோடை முழுக்க ஊரார் மாடுகளை மேய்த்து, செப்டம்பரில் ஊருக்குள் இறக்கிக்கொண்டு வருகிற வேலை. ஒரு மாடும் சாகாமல் கோடை கழிந்தால் முதல் மாட்டுக்குப் பூக்கிரீடம் வைப்பார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஊரே நிற்கும். போன வருடம் ஷெம்ப் வருவதாகச் சொல்லியிருந்தார். கைஸ்லிங்கன் ஏற்றத்தில் கார் நாலு முறை விக்கிவிட்டு ஓரமாக நின்றுகொண்டது. அன்று சாயங்காலம் போனில் சொன்னபோது ஜூடித் சிரித்தாள். "பரவால்லப்பா, மாடுங்க ஒண்ணும் உன்னைக் கேக்கல" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தச் சிரிப்பு அவரை ஒரு வருடமாகக் குடைந்துகொண்டிருந்தது.

இந்த வருடத்தோடு சரி, அக்டோபரில் அவள் கனடா போகிறாள். மாடுகள் இறங்குவது ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்துக்கு அந்த மலைக்கிராமத்துக்குப் பஸ் கிடையாது. பஸ்காரருக்கு இதைத் தெரிந்துகொள்ள அட்டவணை தேவையில்லை.

வியாழக்கிழமை காரை ஒரு மேட்டில் ஏற்றிப் பார்த்தார். பழையபடி விக்கல். இரண்டு நாள் இன்டர்நெட்டில் கிடந்து நோயைக் கண்டுபிடித்தார். இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் வால்வுகளின் மேல் படாமல் நேரே உள்ளே பீய்ச்சப்படும். அதனால் காற்று போகிற வால்வுகளைக் கழுவ ஆளில்லை, எண்ணெய்ப் புகை படிந்து படிந்து கரி ஏறிவிடும். மருந்து, வால்நட் ஓட்டுக் குருணை. அதைக் கம்ப்ரெசர் காற்றில் வீசியடித்தால் கரி மட்டும் உதிரும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. டிப்போ நண்பரிடம் கம்ப்ரெசரையும் ஒரு பை குருணையையும் வாங்கி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முற்றத்தில் பானெட்டைத் திறந்தார்.

இன்ஜினுக்குக் காற்று போகிற துளைகள் நாலு, துளைக்கு இரண்டு வால்வு; பத்து மணிக்குள் நாலும் சுத்தமாகிவிடும் என்பது கணக்கு. ஆனால் காற்றுக்குழாயைக் கழற்றும்போது, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் ஒரு போல்ட் அசைய மறுத்தது. அதற்கே மூன்று மணி நேரம் போயிற்று. முதல் இரண்டு துளைகள் பளபளவென்று ஆனபோது மணி ஒன்றாக ஐந்து நிமிடம்.

ஒரு மணிதான் சிக்கல். மூன்று குடித்தனம் இருக்கிற அந்த வீட்டின் விதிப்பலகையில், சனிக்கிழமை பகல் ஒன்று முதல் திங்கள் காலை வரை மெஷின் சத்தம் கூடாது என்று எழுதியிருக்கிறது. எழுதினவர் வீட்டுக்காரர், காவல் காப்பவர் மாடியில் இருக்கும் ஹெட்விக் ஹேகெலெ. நகராட்சி நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற அம்மாள், ஐம்பத்தெட்டு வயது. படிக்கட்டு பெருக்கும் முறை யாருடைய வாரமோ அவர் வீட்டுக் கதவில் அட்டை மாட்டுவது அங்கே வழக்கம். ஹேகெலெம்மாளுக்கு அட்டை வேண்டியதே இல்லை, மற்றவர்கள் பெருக்கிய படியை இன்னொரு முறை பெருக்குவார்.

மணி ஒன்று தாண்டியதும் ஷெம்ப் திருட்டுத்தனமாக மூன்றாவது துளையை ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, பின்னால் சமையலறைக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றார்.

"ஷெம்ப் சார், மணி என்னன்னு பாருங்க."

"ஹேகெலெம்மா, ஒரு அரை மணி. பொண்ணு விஷயம்."

"போன மாசம் புல்வெட்டுற மெஷினை ஓட்டினப்போ நெஞ்சுவலின்னு சாக்கு சொன்னீங்க. இப்போ பொண்ணா?"

ஷெம்ப் எல்லாவற்றையும் சொன்னார்: மாடு, கிரீடம், கனடா, போன வருடத்துச் சிரிப்பு. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு, "விதி விதிதான். கையால பண்ணுங்க, கைக்குச் சத்தம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். ஷெம்ப் மனதுக்குள் திட்டிய வார்த்தைகளை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

வேறு வழியில்லை. கரி கரைக்கும் திரவத்தை மூன்றாவது துளையில் ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தார். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. போதும் என்று நிமிர்ந்தால், ஹேகெலெம்மாள் மறுபடி வந்து டார்ச் அடித்துத் துளைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதுக்குப் பேரு சுத்தமா?"

"ஓடற அளவுக்குப் போதும்மா."

"என் டீ போடற கெட்டிலோட அடி இப்படி இருந்தா நான் வெளியில தலைகாட்ட மாட்டேன். தள்ளுங்க."

அவர் கொண்டுவந்திருந்த வாளியில் பால்புட்டி கழுவும் பிரஷ், பழைய டூத்பிரஷ்கள், குரோஷா ஊசி, துணி சுற்றிய மரக்கரண்டி எல்லாம் இருந்தன. ஏப்ரன் கட்டிக்கொண்டு பம்பர் மேல் குனிந்தவர் நாற்பது நிமிடம் நிமிரவில்லை. வால்வின் கழுத்துக்குப் பின்னால், ஷெம்பின் பிரஷ் போகாத இடத்தில் குரோஷா ஊசி போயிற்று. அவர் கை ஓடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே ஷெம்ப் டார்ச் பிடித்தார். துளையைப் பார்த்தால் கம்ப்ரெசரில் அடித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

நாலாவது துளைக்கு ஷெம்ப் உற்சாகமாகப் புட்டியைச் சாய்க்கப் போனார். அந்த அம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. தொட்டியில அடைப்பான் போடாம நான் தண்ணி ஊத்த மாட்டேன். அங்க ஒரு சந்து தெரியுதே, அது என்ன?"

ஷெம்ப் பார்த்தார். வால்வு நூலளவு திறந்திருந்தது. ஒவ்வொரு துளைக்கும் முன்னால் இன்ஜினைக் கையால் சுற்றி வால்வை மூட வேண்டும். முதல் மூன்றுக்கும் ஒழுங்காகச் செய்தவர் இதற்கு மறந்துவிட்டார். ஊற்றியிருந்தால் திரவமும் கரிக்கட்டியும் நேரே இன்ஜினுக்குள் இறங்கியிருக்கும். அதை வெளியே எடுக்கிற வேலையில் நாளைக் காலை போயிருக்கும்.

"ஹேகெலெம்மா" என்று சொல்லிப் புட்டியைத் தரையில் வைத்தார்.

"பஸ்ஸிலயும் கதவை மூடாமத்தான் எடுப்பீங்களா?"

ஷெம்ப் ஸ்பானர் போட்டுச் சுற்றி மூடினார். நாலாவது துளையையும் அந்த அம்மாளே தேய்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு வேலையையும் ஷெம்ப் சொல்லிச் செய்ய, அந்த அம்மாள் டார்ச் அடித்துச் சரிபார்த்தார். மாலை ஏழு மணிக்குக் கடைசி போல்ட்டை முறுக்கினார்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும், அதுவும் சத்தம்தானே. ஷெம்ப் தயங்கி நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு நிமிஷம்" என்றார். கார் இரண்டு முறை இருமி, கறுப்பாக ஒரு புகை விட்டு, பிறகு பூனை மாதிரி குர்ரென்று ஓடியது.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று கேட்டார் ஹேகெலெம்மாள்.

"கிளம்பறோமா? நீங்களுமா?"

"எட்டுல நாலு வால்வு நான் தேய்ச்சது. ஏறுதா இல்லையான்னு நான் பாக்க வேணாமா?"

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, மடியில் வெங்காய கேக் தட்டோடு, சர்ச்சுக்குப் போகும் கோட்டில் அந்த அம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்தார். கைஸ்லிங்கன் ஏற்றம் வந்தது. போன வருடம் கார் நின்ற இடம் நெருங்கியது. கார் அந்த இடத்தைக் கண்டுகொள்ளவே இல்லை, மூன்றாவது கியரில் ஒரு விக்கல்கூட இல்லாமல் ஏறி, மேலே போய் மூச்சு வாங்காமல் ஓடியது. ஷெம்ப் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பதினோரு வருஷமா அம்மா, சார்னு என்ன இது" என்றார் அந்த அம்மாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. "என் பேரு ஹெட்விக். இனிமே நீ, வா, போன்னே பேசு. மேட்டுல ஏத்திட்டே இல்ல."

"சரி ஹெட்விக். அந்தக் கேக்ல ஒரு துண்டு வெட்டேன்."

கிராமத்துக்கு எட்டேகாலுக்கே போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கு முதலில் மணிச்சத்தம் வந்தது, அப்புறம் மாடுகள். முன்னால் வந்த மாட்டின் தலையில் பூக்கிரீடம், அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜூடித். வெயிலில் கறுத்து, தோள் அகன்று போயிருந்தாள். ஊரே கைதட்டியும் அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை, பாதையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஜூடி" என்றார் ஷெம்ப்.

அவள் திரும்பினாள். அவள் நிற்கப் பார்த்தாலும் மாடு நிற்காது, பின்னால் நூற்றுப் பத்து மாடுகள் வருகின்றன. ஷெம்ப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, கூடவே நடந்தார்.

"கார்லயா வந்தே?"

"கார்லதான். ஏறிடுச்சு."

மணிச்சத்தத்தில் அவள் சொன்னதைக் கேட்க அவர் குனிய வேண்டியிருந்தது.

"இந்த வருஷம் உன்னைத் தேடவே கூடாதுன்னு வச்சிருந்தேன்பா. போன வருஷம் கடைசி வீடு வரைக்கும் தேடிக்கிட்டே போனேன்."

ஜூடித் கயிற்றில் ஒரு பிடி இடம்விட்டு நகர்ந்து, "இந்தா, நீயும் பிடி" என்றாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்கப் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதுகொண்டு, மகளோடு கடைசி வீடு வரைக்கும் நடந்தார்.